வலிக்காமல் போட்ட ஊசி

பாம்பன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், ஊசி என்றால் என்னைத்தான் தேடுவார்கள். டாக்டரிடம் சீட்டு வாங்கிய பிறகும், வேறு யாராவது ஊசியை எடுத்தால், "சிக்கல்காரம்மா வரட்டும், அவுக போட்டா நோவாது" என்று பெஞ்சில் காத்திருப்பார்கள். சிக்கல் என் ஊர். அங்கிருந்து மதுரைக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்து, முதல் வேலையே பாம்பனில்தான் கிடைத்தது. கடலை அதற்கு முன் திருவிழாவுக்குப் போகும்போது பார்த்ததோடு சரி.

நோவாத கை என்று ஒன்றும் கிடையாது. மதுரையில் எங்களுக்குப் பாடம் எடுத்த தலைமை நர்ஸ் கண்டிப்பானவர். சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் குத்திக் கை பழகிய பிறகுதான் மனிதரைத் தொட விடுவார். பிட்டத்தை மனசுக்குள் நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கத்தில் மேலே இருக்கிற கால்பங்கில் மட்டும்தான் ஊசி இறங்கலாம். உள்ளேயோ கீழேயோ போனால் காலுக்கு ஓடுகிற பெரிய நரம்பில் பட்டு, ஒரு கால் இழுத்துக்கொண்டு போய்விடும். குப்புறப் படுக்கிறவரின் கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி வைத்தால் சதை தளர்ந்து கொடுக்கும். துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். குத்துவது வேகமாக, மருந்தைச் செலுத்துவது மெதுவாக. நடுவில் ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்து, ரத்தம் வந்தால் எடுத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊசிகளைத் தூக்கிப் போட மாட்டோம். கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். ஒவ்வொரு ஊசியின் முனையையும் கொஞ்சம் பஞ்சில் இழுத்துப் பார்ப்பேன். பஞ்சு நூல் பிடித்தால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்து மறுபடி கொதிக்க வைப்பேன். இவ்வளவுதான் என் கை ராசி. ஆனால் அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. ஊசியை எடுத்த பிறகு யாராவது "போட்டாச்சா?" என்று கேட்டால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு நாள் கடற்கரைக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு துணி. அதில் அவர் இருமித் துப்பிய ரத்தம். காசநோய் என்று டாக்டருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரை, மாதக்கணக்கில் என்று டாக்டர் எழுதினார்.

அவருக்கு ஊசி என்றால் பயம். திருவிழாக் கூட்டத்தில் பெட்டியோடு வந்து எல்லா நோய்க்கும் ஊசி போடுகிற ஒருவனிடம் முன்பு போட்டு, இடுப்புக்குக் கீழே சீழ் பிடித்துப் படுத்துக் கிடந்தாராம்.

"திருக்கை முள்ளு குத்துனப்பக் கூட நான் வாயத் தொறக்கல நர்சம்மா. ஆனா இது வேணாம். மாத்திரையே கூடப் போட்டுக் குடுங்க" என்றார்.

"ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க அண்ணே. வலிச்சா நாளைக்கு வர வேணாம்" என்றேன்.

படுத்தார். கால்விரல்களைத் திருப்பி வைக்கச் சொன்னேன். கடலில் இப்போது என்ன காற்று என்று கேட்டேன். கச்சான் என்று ஆரம்பித்து, அது எந்தப் பக்கமிருந்து வரும், அப்போது வலையை எங்கே விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஊசியை எடுத்துப் பஞ்சால் அழுத்திவிட்டு, "எந்திரிங்க" என்றேன்.

"இன்னும் போடலையே?"

அவர் மனைவி சிரித்துவிட்டார். அவருக்கு நோய் வந்த பிறகு தான் சிரித்தது அன்றுதான் என்று அந்த அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அதே ஊசிக்கு எழுதப்பட்ட மற்றவர்களில் பாதிப் பேர் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடுவார்கள். இருமல் கொஞ்சம் குறைந்தால் போதும், கடலுக்குப் போய்விடுவார்கள். இவர் ஒரு நாள் கூடத் தவறவில்லை. வள்ளத்தை மச்சினரிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். ரத்தம் நின்றது. காய்ச்சல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. அவர் எடையைப் பார்க்கும் நாளில் டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஒரு நாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ரெண்டு மூணு நாளா இப்படித்தான். முகங் கழுவக் கண்ண மூடுனா, யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. நடக்கையில எதுர்ல இருக்கிறதெல்லாம் குதிக்குது."

உடனே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. அவரைக் காலைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். மூடிய வேகத்தில் அவர் சாய்ந்தார். டாக்டர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த மருந்து சில பேருக்குக் காதுக்குள்ளே இருக்கிற நிதானத்தைக் கெடுத்துடும். தினம் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு தடவை போடுவோம். முழுக்க நிறுத்தினா நெஞ்சு பழையபடி ஆயிடும். அப்புறம் எதுவும் கேட்காது."

அவரிடம், "கொஞ்ச நாள் தலை சுத்தல் இருக்கும்ப்பா, பார்த்து நட" என்று சொன்னார். நானும் அதையே சொன்னேன். டாக்டர் வயல்காட்டு ஊரில் பிறந்தவர். நானும் அப்படித்தான். தலை சுற்றினால் வரப்பில் உட்கார்ந்துகொள்ளலாம், மரத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. வள்ளத்தில் நின்று பிழைக்கிறவனுக்கு அது என்ன என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைக்கு நடந்தேன்.

வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பரப்பிப் பொத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர், பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"நேத்து வள்ளத்துல ஏறிப் பாத்தேன் நர்சம்மா. கரையிலதான் கெடந்துச்சு. அலைகூட இல்ல. நிக்க முடியல" என்றார்.

உள்ளேயிருந்து வந்த அக்கா எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஊசிய நிப்பாட்டுனா சரியாயிருமான்டு பாக்கலாம்னுதான்..." என்று இழுத்தார்.

நான் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. நிறுத்தினால் நிதானம் திரும்புமா என்று டாக்டருக்கே தெரியாது, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றேன். நிறுத்தினால் ரத்தம் திரும்பி வரும், அது மட்டும் நிச்சயம் என்றேன். அவர்களுடைய மகளுக்கு அப்போது பதிமூன்று, பதினாலு வயதிருக்கும். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நான் அடுத்ததைச் சொன்னேன்.

"இவளுக்கு நீங்க இருக்கணும்ல அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் வலைக் கண்ணை விரலால் நோண்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "உங்க கை மட்டும் நொந்திருந்தா நான் மொத நாளே ஓடியிருப்பேன் நர்சம்மா. சரி. வாரேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

வந்தார். கடைசி ஊசிவரை வந்தார். அந்த மருந்தைக் கலக்கிக் கலக்கி என் விரல்கள் வெடித்துத் தோல் உரிந்தன. ஸ்ட்ரெப்டோமைசினைக் கையாளுகிற நர்சுகளுக்கு அப்படி வருவதுண்டு. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் கடிந்துகொண்டார். நான் சரியென்று சொல்லிவிட்டுப் பல நாள் போட்டுக்கொள்ளாமலே கலக்கினேன். விரல் எரிகிறபோது மனசு கொஞ்சம் லேசானது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று தெரிந்ததும், தலை சுற்றல் கடலில் பழகப் பழகப் போய்விடும் என்று நம்பி, அவர் மறுபடி கடலுக்குப் போகும் நாளைக் குறித்தார்கள். மாதாகோயிலில் பூசை முடிந்து சாமியார் வந்து ஜெபம் செய்வார், நீங்களும் வரணும் என்று அக்கா வந்து கூப்பிட்டார். போனேன். கரையில் சொந்தக்காரர்களெல்லாம் நின்றிருந்தார்கள். மச்சினர் சுக்கானில் இருந்தார். இவருடைய இடம் காற்றடிக்கிற பக்கம் வெளியே நீட்டியிருக்கும் பலகை. பாய் காற்றை வாங்கி வள்ளம் ஒருபக்கமாகச் சாயும்போது, ஓர் ஆள் அந்தப் பலகையில் ஏறி நின்று, தன் உடம்பின் கனத்தால் அதை நிமிர்த்த வேண்டும். ஊரிலேயே அவரைப் போல அதில் நிற்க ஆள் கிடையாது என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அதற்கு முன் எனக்கு அதைச் சொன்னவர்கள் யாருமில்லை. நானும் கேட்டதில்லை.

வள்ளம் கொஞ்ச தூரம் போய்ப் பாயை விரித்தது. அவர் எழுந்து பலகையில் ஒரு காலை வைத்தார். இரண்டாவது காலை எடுத்து வைப்பதற்குள் தண்ணீரில் விழுந்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் தூக்கி உள்ளே போட்டார்கள். மறுபடி எழுந்தார். இந்தத் தடவை பாய்மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். அப்படியே வழுக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டார். மச்சினர் எதுவும் கேட்காமல் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் நின்ற ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். இறங்கி வந்தவர் ஈரத் துணியோடு நேராக என்னிடம் வந்து, "ரொம்ப நாளாச்சுல்ல, பழகணும்" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரு இருக்கு, அது போதும். மாதாவுக்கு அடுத்தாப்புல நீங்கதான்" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பழகவில்லை. பகலில் தரையில் ஓரளவு சமாளித்தார். பொழுது சாய்ந்தால் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் கம்பு வேண்டும். வள்ளம் மச்சினர் கைக்குப் போனது. இவர் மற்றவர்களின் வலைகளைப் பொத்துக் கொடுத்தார், கருவாட்டுக் கொட்டகையில் மீன் பிரித்தார். கடலைப் பார்க்காதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்துதான் வலை பொத்துவார் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "நாம செஞ்சது சரிதானே?" என்றேன்.

"நிறுத்தியிருந்தா இந்நேரம் அவன் இல்லைம்மா. நீ போட்டதிலே ஒரு குறையும் இல்லை" என்றார்.

அது எனக்குத் தெரியும். இடம் சரி, அளவு சரி, கை சரி. தப்பாகப் போட்டிருந்தால் இன்னது தப்பு என்று ஒன்றைச் சொல்லி, அதற்காக அழுதிருக்கலாம். என் கையைப் பார்க்கும்போதெல்லாம், இது நொந்திருந்தால் அவர் ஓடியிருப்பார் என்பது மட்டும் ஞாபகம் வரும். ஓடியிருந்தால் செத்திருப்பார் என்பதும் கூடவே ஞாபகம் வரும். ஆனால் முதலில் வந்தது இரண்டாவது வந்ததால் போய்விடவில்லை.

சில வருஷம் கழித்து மகளுக்கு எங்கள் தீவிலேயே, பக்கத்து ஊரான அக்காள்மடத்தில் ஒரு வரன் வந்தது. பேசி முடிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் அழுதார். சாயங்காலம் தள்ளாடிப் போகிறவரைப் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பன் குடிகாரன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு சொட்டுத் தொட்டதில்ல நர்சம்மா, எங்க வீட்டுக்காரரு" என்றார்.

என்னால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காள்மடத்துக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா முற்றத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"பொண்ணோட அப்பா குடிக்கிறவரு இல்லம்மா. அவரு தள்ளாடுறது ஊசியால. அந்த ஊசியப் போட்டது நான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தப்பாப் போட்டுட்டீகளா?"

"தப்பாப் போடல. சரியாத்தான் போட்டேன்."

"சரியாப் போட்டா எப்படித் தள்ளாட்டம் வரும்?"

"நெஞ்சு நோய்க்கு அந்த மருந்துதான் உண்டு. உசுரக் காப்பாத்திச்சு. ஆனா நிதானத்த எடுத்துக்கிச்சு."

"அப்ப இது உங்களால வந்ததுங்கிறீக."

"ஆமா" என்றேன். அப்படி வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிறிது நிம்மதியாக இருந்தது.

கல்யாணம் நிச்சயமானது. அந்த நிம்மதி ஒரு மாதம்கூட இருக்கவில்லை. ஊசியால்தான் அவருக்கு இப்படி ஆனது என்று நர்சம்மாவே ஒத்துக்கொண்டார் என்கிற பேச்சு தீவு முழுக்கப் போய்விட்டது. காசநோய்க்கு ஊசி போட வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பெஞ்சில் எனக்காகக் காத்திருந்த பெண்கள், என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டு எழுந்து போனார்கள். யாரைக் குற்றம் சொல்வது? நான் என் மனசை இறக்கி வைக்கப் போன இடத்தில், அவர்கள் தலையில் அதை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவரே கம்பை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோபமாக இருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எம் மகளுக்காகப் போனீக, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என்னயக் கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல. எங்க கொட்டகையில மீனுக்கு உப்புப் போடுற புள்ள ஒண்ணு ரத்தமாத் துப்புது. ஆஸ்பத்திரிக்குப் போடின்னா, போனா உன்னய மாதிரி ஆயிருவேன்ங்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"நான் வந்து பேசவா அண்ணே?"

"நீங்க பேசுனது போதும்" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்து, "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபது வயதிருக்கும், எலும்பும் தோலுமாக. வெளியே நிறுத்தி அவளிடம் அவர் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"என்னய நல்லாப் பாரு. தள்ளாடுறேன்தான். வள்ளம் போச்சுதான். அந்த நேரம் செத்திருந்தா எம் மக கல்யாணத்த யாரு முடிச்சிருப்பா? ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லு. நான் ரெண்டு மூணு நாளு சும்மா இருந்துட்டேன்."

உள்ளே வந்து படுத்தாள். கால்விரல்களைத் திருப்பி வைக்கச் சொன்னேன். குத்துவதற்கு முன் கேட்டேன், "கொட்டகையில நின்னு வேல பாப்பியா, உக்காந்தா?"

"உக்காந்துதான். ஏன் கேக்குறீக?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"எனக்கும் தல சுத்துமா?"

"சுத்தலாம். சுத்தாமயும் இருக்கலாம். வாரம் ஒரு நாளு ஒன்னயக் கண்ண மூடி நிக்கச் சொல்லிப் பாக்கப் போறேன்."

டாக்டரிடம் சொல்லி அந்த ஊசி போடுகிற எல்லோருக்கும் அதை வழக்கமாக்கினோம். அவளுக்குக் காதில் இரைச்சல் கேட்டது, உடனே ஊசியைக் குறைத்தோம். அவள் பிழைத்துக்கொண்டாள், நிதானமும் தப்பியது. அவளைப் பார்த்து மற்றவர்களும் திரும்பி வரத் தொடங்கினார்கள். சிலர் வரவில்லை. அவர்களில் ஒருவர் இறந்ததை மாதாகோயில் மணி அடித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றலானது. அங்கிருந்தபோதும் அந்த அக்கா விடவில்லை. ராமநாதபுரம் வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார். நெத்திலிக் கருவாடு, நன்றாகக் காய்ந்தது. அவர் பிரித்து, அக்கா காயப் போட்டது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அவர்கள் மனசு கஷ்டப்படும். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டில் குழந்தைகள் அதிகம். பொட்டலத்தை அவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஒரு தடவைகூட என்னால் அதைச் சாப்பிட முடிந்ததில்லை.